சக்கர நாற்காலியில் அமர்ந்த மருத்துவச் செல்வி

பொன்விழா மலர் என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நாம் எல்லாருமே அறிவோம். பங்கின் வரலாறு, பங்குத் தந்தையரின் வரிசை, அடிக்கல் நாட்டிய நாளின் நிழற்படம், நன்கொடையாளர் பெயர்கள், நடுநடுவே நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்கள். இவற்றுக்கிடையே ஒரு புனிதரின் வாழ்க்கையும் இடம்பெறுவது வழக்கம். இம்முறை மலர்க்குழுவினராகிய நாம் புனிதர் பட்டம் பெறாத ஒருவரின் வாழ்வை எழுத எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணமானவர் நம் பங்கிலேயே இருக்கிறார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். எழுதாமலே பலருக்கும் விளங்கும்.

நம் பாடகர் குழுவில் பல ஆண்டுகள் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் அவர். பக்கவாதம் வந்து இடது காலும் இடுப்பும் தளர்ந்தபின் சக்கர நாற்காலிக்கு வந்தார். நாமும் கடமை தவறவில்லை. வெள்ளிதோறும் வீட்டிற்கு நற்கருணை சென்றது. மரியாயின் சேனையார் ஜெபமாலை சொல்லிவிட்டு வந்தனர். கிறிஸ்மஸுக்குக் கேக்கும் புதுவேட்டியும் போயின. ஓராண்டு கழித்து ஒருநாள் அவர் நம்மிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: தம் கைகள் இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன, ஞாயிறு இரண்டாம் பூசைக்குத் தம்மை ஏன் யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை என்றார். நமக்கு வாய் அடைத்துப் போயிற்று. ஆலய முகப்பில் ஐந்து படிகள் இருக்கின்றன. அந்த ஐந்து படிகளைத் தாண்டி அவரை நினைத்துப்பார்க்க நமக்குத் தோன்றவே இல்லை.

அன்றிரவு மலர்க்குழுக் கூட்டத்திலே பேச்சு வேலூர்ப் பக்கம் திரும்பியது. கால்கள் செயலிழந்த பின்னும் கைகள் இருக்கின்றன என்று ஒருவருக்கு எடுத்துச் சொல்லப்பட்டதும், அந்தச் சொல்லால் இந்நாட்டின் மருத்துவத்திலே புதியதொரு துறை வேர்பிடித்ததும் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தவை. டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் கதை அது.

மேரி வர்கீஸ் 1925-இல் பிறந்தார். ஊர், கொச்சிக்கு அருகே கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் வைப்பின் தீவிலுள்ள செறாயி. வசதியான சுரியானிக் கிறிஸ்தவக் குடும்பம். ஊரில் தந்தைக்கு நல்ல மதிப்பு. எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பு முடித்து, மருத்துவம் பயில வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அமெரிக்க மிஷனரியான டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை வளர்ந்து உருவான கல்லூரி அது. அது நம் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் நிறுவனம் அன்று. ஆனாலும் சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயிலேறிப் போய் அங்கே உயிர் மீண்டு வந்த குடும்பங்கள் நம் பங்கிலேயே எத்தனை எத்தனை!

மேரி அதிகம் பேசாதவர், கூச்ச சுபாவம் உடையவர் என்பார்கள். படிப்பை முடித்து, மகளிர் நோய், மகப்பேறு மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற நோக்கத்தோடு அங்கேயே பணியாற்றி வந்தார். குழந்தைகள் பிறக்கத் துணைநிற்கும் மருத்துவராக வாழ்நாள் கழியும் என்றே எண்ணியிருந்தார்.

1954-ஆம் ஆண்டு, விடுமுறை நாளொன்றில் சக மருத்துவர்களோடு அவர் சென்ற வண்டி சாலையில் கவிழ்ந்தது. உயிர் தப்பினார். ஆனால் முகத்தில் ஆறாத தழும்புகள் விழுந்தன; முதுகுத் தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப் போயின. அவருக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை.

முதுகுத் தண்டில் அடிபட்டவர்களின் நிலை அக்காலத்தில் எப்படி இருந்தது என்பதை இன்றைய இளைஞர்களுக்குச் சற்றுச் சொல்லவேண்டும். உணர்வு இல்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் தோலுக்கு ரத்த ஓட்டம் நின்று புண் வைக்கும். வலி தெரியாததால் அப்புண் எலும்புவரை போகும். சிறுநீர்ப்பை கட்டுப்பாட்டில் இராது. அதன் வழியே நோய்க்கிருமி சிறுநீரகத்திற்கு ஏறும். இவ்விரண்டாலுமே பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். இங்கிலாந்தில் டாக்டர் லுட்விக் குட்மன் என்பவர் 1944-இல் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்திலே இத்தகையோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கி, இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது போன்ற எளிய ஒழுங்குகளாலேயே அவர்களை வாழவைக்க முடியும் என்று காட்டியிருந்தார். நம் நாட்டில் அந்த அறிவு அப்போதுதான் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. மேரிக்கு மேலும் அறுவை சிகிச்சைகள் நடந்தன. மாதக்கணக்கில் படுக்கை. அவர் ஜெபித்தார், மனம் உடைந்தும் போனார். அந்த மன உடைவை மறைத்து, தொடக்கமுதல் புன்னகையோடு சிலுவையைத் தழுவினார் என்று எழுத நாம் விரும்பவில்லை. அது அவருக்குச் செய்யும் நியாயமும் ஆகாது.

இனி இவர் என்ன செய்யமுடியும் என்பதே எல்லார் உள்ளத்திலும் இருந்த கேள்வி. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சில்லுகளைப் பார்க்கும் வேலை கொடுக்கலாம் என்றவாறு பரிவுள்ள எண்ணங்கள் எழுந்திருக்கும். பரிவு எப்போதும் சிறிய வேலையைத்தான் தேடித்தரும். டாக்டர் பால் பிராண்ட் வேறொன்றை நினைத்தார்.

பிராண்டைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த ஆங்கிலேயர். தமிழ் மண்ணில் தவழ்ந்தவர். இரண்டாம் உலகப்போருக்குப்பின் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். நம் சென்னைக்கு அருகே செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு ஒருமுறை சென்றபோது, மடங்கி இறுகிப்போன கைகளோடு திரிந்த நோயாளிகளைக் கண்டார். எத்தனையோ கோடி ரூபாய் ஆராய்ச்சி நடக்கும் உலகத்தில் இந்தக் கைகளைப்பற்றி எந்த எலும்பு மருத்துவரும் ஆராயவில்லை என்பது அவரை உலுக்கியது. தொழுநோயாளியின் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்பதுதான் அதுவரை மருத்துவர்களும் நம்பிவந்தது. அது தவறு என்று பிராண்ட் கண்டார். நோய் நரம்பைக் கொல்கிறது. நரம்பு செத்தால் வலி தெரியாது. கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும், செருப்பில் ஆணி ஏறினாலும் தெரியாமல் போவதால்தான் விரல்கள் தேய்கின்றன. முழங்கையில் ஓடும் ஒரு நரம்பு பழுதானால் விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிக்கொள்ளும். ஆனால் முன்கையில் உள்ள வலுவான தசைகள் பல இன்னும் நன்றாகவே இருக்கும். அப்படி நல்ல நிலையிலிருந்த ஒரு தசைநாரை எடுத்து, வழிமாற்றி, விரல்களோடு இணைத்துத் தைத்தார். சில வாரப் பயிற்சிக்குப்பின் மடங்கிய கை விரிந்தது, சோற்றைப் பிசைந்தது, எழுதுகோலைப் பிடித்தது.

இவ்வேலைக்கு உதவி தேவைப்பட்டது. கையில் செய்யும் அறுவை சிகிச்சைக்கு ஒரு வசதி உண்டு. வயிற்றையோ மார்பையோ திறக்கும் மருத்துவர் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். கையை அறுப்பவர் பெரும்பாலும் உட்கார்ந்தேதான் செய்வார். நோயாளியின் கை ஒரு சிறு பலகைமேல் நீட்டியிருக்கும். அப்படியானால் அமர்ந்திருப்பவர் முக்காலியில் அமர்ந்தால் என்ன, சக்கர நாற்காலியில் அமர்ந்தால் என்ன? இழந்த கால்களை நினைந்து ஏங்கிய மேரியிடம், இருக்கிற கைகளைப் பார்க்குமாறு பிராண்ட் கூறினார். அறுவை மருத்துவம் செய்யலாம், அதுவும் தொழுநோயாளிகளுக்குச் செய்யலாம் என்றார். மேரிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அவர் பயின்ற துறை வேறு, இக்கலை புதிது. ஆனாலும் இசைந்து பயிற்சியில் இறங்கினார்.

அறுவைக்கூடத்திற்குள் சக்கர நாற்காலி உருண்டு போயிற்று. மெல்ல மெல்ல மேரியின் கை நிதானம் பெற்றது. துணையாக நின்றவர் தாமே தனியாகச் செய்யத் தொடங்கினார். நாளடைவில் திருத்தமான கைத்தொழில் என்று பேர் எடுத்தார். நம் நாட்டில் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்த முதல் மருத்துவர் அவர் என்று எழுதுகிறார்கள். எமக்கு அந்த முதன்மையைவிடப் பெரியதாகப் படுவது வேறு. வெளியிலே காத்திருந்த நோயாளிகளைச் சற்று எண்ணிப்பாருங்கள். ஊராலும் உறவாலும் ஒதுக்கப்பட்டவர்கள். கோயில் வாசலிலும் மாதாகோயில் வாசலிலும் கையேந்தி உட்கார்ந்தவர்கள். கை விரிந்தாலும் மனம் விரிய மறுக்கும். அவர்கள் எதிரே வந்த டாக்டரம்மாவின் முகத்தில் தழும்பு. கால்களில் உயிர் இல்லை. தங்களைவிட மோசமான உடம்பு. அந்த அம்மாள் தங்கள் கையைத் தம் மடியருகே இழுத்துவைத்து, விரல் விரலாக அசைத்துப் பார்க்கிறார். நல்ல உடம்புள்ள மருத்துவர்கள் ஆயிரம் புத்தி சொல்லியும் அசையாத நோயாளிகள் அவரைக் கண்டு துணிவு கொண்டார்கள் என்பது அங்கே பணியாற்றியவர்களின் அனுபவம்.

பிறகு மேரி மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். அங்கே தாமே நோயாளியாக இருந்து, சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது முதல், இரும்புத் தாங்கிகளைக் காலில் பூட்டி ஊன்றுகோலோடு நடப்பதுவரை அனைத்தையும் கற்றார். பிறர் தூக்கிவைக்க வேண்டியவராகப் போனவர், தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்பவராகத் திரும்பினார். இவ்விடத்தில்தான் அவர் வாழ்வின் போக்கே மாறியது என்று நாம் கருதுகிறோம். தமக்கு பெர்த்தில் கிடைத்தது வேலூருக்கு வரும் விவசாயிக்கும், தென்னை மரத்திலிருந்து விழுந்தவனுக்கும், கிணறு வெட்டும்போது மண் சரிந்து முதுகு ஒடிந்தவனுக்கும் கிடைக்க வழியில்லையே என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது.

கை அறுவையில் பேரெடுத்துவிட்ட ஒருவர் அதோடு நின்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ மறுபடியும் மாணவியாகி நியூயார்க் சென்றார். போரில் காயமுற்ற வீரர்களை மீண்டும் வேலைக்கும் குடும்பத்துக்கும் தயார்செய்த அனுபவத்தால் மறுவாழ்வு மருத்துவத்தை ஒரு தனித்துறையாக வளர்த்த டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்திலே பயின்றார். குளிரும் பனியும் நிறைந்த அயல்நாட்டு நகரில், சக்கர நாற்காலியில் ஓர் இந்தியப் பெண் தனித்து வாழ்ந்து படித்த ஆண்டுகள் அவை. 1960-களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பி, வேலூரில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். அவர் வாழ்வை டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963-இல் நூலாக எழுதி வெளியிட்டார். அதன்பின் அவர் பெயர் கடல்கடந்தும் பரவியது.

1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கி மறுவாழ்வு பெறுவதற்கென நம் நாட்டில் எழுந்த நிலையங்களில் முன்னோடி அது. நியூயார்க்கில் கற்றதை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் இங்கே பயன்படாது. நம் ஜனங்கள் தரையில் உட்கார்ந்து உண்பவர்கள், தரையில் படுப்பவர்கள். சமையல் அடுப்பும் தரையில்தான். வாசலில் ஒரு திண்ணை, அதற்கொரு படி. ஆகவே நோயாளி திரும்பிப்போகும் வீடு எப்படிப்பட்டது, அவன் செய்த தொழில் என்ன, இனிச் செய்யக்கூடிய தொழில் எது, உடன் இருந்து பார்ப்பது மனைவியா தாயா என்பதையெல்லாம் கணக்கிலெடுத்துப் பயிற்சி தரவேண்டியிருந்தது. பிசியோதெரபி, செயல்முறை சிகிச்சை, காலணி, தாங்கிகள் செய்யும் பட்டறை என்று எல்லாம் ஒன்றுசேர்ந்து இயங்கும் வேலை அது. மருத்துவர் மருந்து எழுதிவிட்டுப் போகிற வேலை அன்று. தலைமை மருத்துவரே சக்கர நாற்காலியில் வார்டைச் சுற்றி வரும்போது, என்னால் முடியாது என்று படுக்கையிலிருந்து சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்திராது!

1972-இல் இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பின்னும் மாற்றுத்திறனாளிகளுக்கான பணிகளில் ஈடுபட்டிருந்தார். 1986 டிசம்பரில் இறைவனடி சேர்ந்தார். விபத்துக்குப்பின் அவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். முழுதும் உழைத்த ஆண்டுகள் அவை.

அவர் மறைந்தபின் சட்டங்கள் வந்தன. 1995-இல் ஒன்று, 2016-இல் அதைவிட விரிவான மற்றொன்று. பின்னது இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு வேலையில் நான்கு சதவீத இடமும் ஒதுக்கியது. சொல்லும் மாறியது. பழைய மலர்களைப் புரட்டினால் முடவர், செவிடர், குருடர் என்றே கூசாமல் அச்சிட்டிருக்கிறோம். பிறகு ஊனமுற்றோர் என்றோம். இப்போது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். நம் நகரின் இப்பகுதியில் வாய்ப்புகளும் குறைவல்ல. அடையாற்றில் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் நடத்தும் புனித லூயி நிலையம், காது கேளாதோரையும் பார்வையற்றோரையும் படிக்கவைத்து அனுப்பிவருகிறது. மயிலையில் கிளார்க் பள்ளி இருக்கிறது; கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் இருக்கிறது; கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. சக்கர நாற்காலியிலேயே அலைவரை போய்வர மெரினாவில் 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை போட்டார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, செப்பனிட்டார்கள். கடல்வரை பாதை போடுகிறவர்கள் இருக்கும் ஊரில், ஆலயத்துக்குள் போக ஐந்து படி தடையாக இருந்தது நம்முடைய குறைதான்.

நம் திருச்சபையின் குறையையும் மறைப்பதற்கில்லை. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, உடற்குறையால் பலிபீடத்தில் தகுந்தபடி பணியாற்ற இயலாதவர்களைக் குருத்துவத்திற்குத் தடையுள்ளவர்களாக வைத்திருந்தது. 1983-இல் வந்த தொகுப்பில் அந்தத் தடை எடுக்கப்பட்டுவிட்டது. கப்பர்நாகூமில் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய நால்வரைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. அந்தக் கூட்டம் கெட்ட கூட்டமும் அல்ல. ஆண்டவர் பேச்சைக் கேட்க வந்த பக்தியுள்ள ஜனங்கள்தான்.

பங்குப் பேரவையில் இது விவாதத்துக்கு வந்தபோது எதிர்ப்பும் இருந்தது என்பதைப் பதிவு செய்கிறோம். பொன்விழா நினைவாக முகப்பில் வளைவு கட்ட ஒதுக்கிய பணத்தைத் தொடக்கூடாது என்றனர் சிலர். ஒருவருக்காக இவ்வளவு செலவா என்றும் கேள்வி எழுந்தது. வீடுவீடாகக் கணக்கெடுத்தபோது, படியேற முடியாமல் ஞாயிறு பூசையை விட்டவர்கள் நம் பங்கில் பதினொரு பேர் என்று தெரிந்தது. அவர்களுள் ஒருவர் கணக்குத் தணிக்கையாளர். ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஒரு தம்பி கணினி வேலையில் இருக்கிறான். நம் மறைக்கல்வி வகுப்புக்கு ஆசிரியர் போதவில்லை என்று ஆண்டுதோறும் அறிக்கை வாசித்துக்கொண்டிருந்ததும் நாம்தான்!

ஐந்து படியும் சேர்ந்து இரண்டரை அடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது சாய்தளக் கணக்கு. அதன்படி முப்பது அடி. முகப்பில் இடம் இல்லாததால் கெபிப் பக்கமாக, திருப்பண்ட அறை வாசலை ஒட்டிச் சாய்தளம் அமைந்திருக்கிறது. வளைவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. கைப்பிடிக் கம்பி இன்னும் பொருத்தவில்லை. அதுவரை தேவைப்படுவோர் பூசைக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்தால் இளைஞர் குழுவினர் அங்கே நிற்பார்கள். அவ்வழியில் யாரும் இரு சக்கர வாகனம் நிறுத்தவேண்டாம். ஆர்மோனியத்தைப் பாடகர் மேடையிலிருந்து கீழே இறக்கி, முதல் வரிசைக்கு எதிரே வைத்திருக்கிறோம். இரண்டாம் பூசைக்குப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.